இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒரு தாள்

100 சிசி பைக் ஒன்றின் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல் எரியும். ஆக, வினாடிக்கு 50 வெடிப்பு. ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர சென்டிமீட்டர். ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகும்போது எரியும் வாயுவின் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ வரை போனால், ஹெட்டை சிலிண்டரிலிருந்து பிரித்துத் தள்ளும் விசை ஒரு டன்னைத் தொட்டுவிடும். அந்த விசையை வினாடிக்கு 50 தடவை எதிர்கொண்டு, வாயுவைக் கசியவிடாமல் நிற்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஹெட் கேஸ்கெட்; பட்டறை மொழியில் ஹெட் பேக்கிங்.

அதே இன்ஜினில் ஒரு சாண் தள்ளி, கிளட்ச் கவரின் ஓரத்தில் இன்னொரு கேஸ்கெட் இருக்கிறது. அங்கே வெடிப்பு கிடையாது, தீ கிடையாது. தெறித்து வழியும் சூடான ஆயிலை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அழுத்தம் வெளிக்காற்றின் அளவில்தான் இருக்கும். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில் ‘ஃபுல் பேக்கிங் செட்’ என்று கேட்டால் இந்த இரண்டும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வரும். வீட்டு வாசலில் பைக்கைப் பிரித்துப் போட்டிருக்கும் ஒருவர், கிழிந்த பேக்கிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ‘பழையதையே போடலாமா, அட்டையில் வெட்டிப் போடலாமா’ என்று யோசிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது எந்த இடத்துப் பேக்கிங்? அந்த இணைப்பு தாங்க வேண்டிய சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, அதன் தடிமனை நம்பி உள்ளே வேறு என்னென்ன இருக்கின்றன?

பேக்கிங் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எந்திரத்தில் கடைந்து தட்டையாக்கிய அலுமினியப் பரப்பை விரலால் தடவினால் வழுவழுப்பாகவே இருக்கும். நுண்ணோக்கியில் அங்கே சில மைக்ரான் உயரத்துக்கு மேடு பள்ளங்கள் தெரியும். அப்படிப்பட்ட இரண்டு பரப்புகளை வைத்து இறுக்கினால் மேடுகள்தான் ஒன்றையொன்று தொடும். பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளிருந்து வெளியே ஒரு பாதை போட்டுவிடும். சூட்டில் இளகிய ஆயிலுக்கு அந்தப் பாதை போதும். போதாக்குறைக்கு, போல்ட் இருக்கும் இடத்தில் கவர் நன்றாக அழுந்தும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மெல்லியதாக வளைந்து தூக்கிக்கொள்ளும்.

நடுவில் வைக்கும் தாள் இந்தப் பள்ளங்களுக்குள் அழுந்தி அடைக்க வேண்டும். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, திரும்பி எழுவது. அலுமினியம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். எஃகு போல்ட் ஏறக்குறைய அதில் பாதி, 12 பங்கு. 100 மில்லிமீட்டர் உயரமுள்ள அலுமினிய சிலிண்டரின் சூடு 100 டிகிரி ஏறினால் அது 0.23 மில்லிமீட்டர் வளரும். அதைப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட் 0.12தான் வளரும். சூடானால் பேக்கிங் மேலும் நசுங்கும், ஆறினால் பிடி தளரும். காலையும் மாலையும் வேலைக்குப் போய்வரும் பைக்கில் இது தினமும் இரண்டு முறை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் பேக்கிங் கொஞ்சம் எழும்பி இடைவெளியை நிரப்ப வேண்டும். வெகுநாள் படுத்த இலவம்பஞ்சு மெத்தை எழும்பாமல் கிடப்பதுபோல, நாள்பட்ட பேக்கிங்கும் அழுந்திய நிலையிலேயே தங்கிவிடும்.

பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அது பார்ப்பதற்கு முழுசாக இருக்கலாம். ஆனால் பழைய மேடு பள்ளங்களின் அச்சு அதன்மேல் பதிந்துவிட்டது. கவரைத் திரும்ப மாட்டும்போது அந்த அச்சு அதே இடத்தில் அப்படியே பொருந்தி உட்காராது. புதிய பள்ளங்களுக்குள் அழுந்த அதனிடம் மென்மை மிச்சமில்லை.

இருந்தும் எல்லாப் பழைய பேக்கிங்கும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. வால்வு கவரில் வரும் வார்ப்பு ரப்பர் பேக்கிங்கை விரலால் மடக்கிப் பார்க்கலாம். வெடிப்பு விடாமல் வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்தால், துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். உருண்டையாக இருந்த ஓ-ரிங்கின் ஒரு பக்கம் தட்டையாகிப்போயிருந்தால் அது தன் ஆயுளை முடித்துவிட்டது. கிளட்ச் கவரின் தாள் பேக்கிங் கிழியாமல், பசை ஒட்டாமல் கழன்று வந்தால் இன்னொரு முறை தாங்க வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது: புதிய தாளைப் போடும்போதே அதன்மேல் மெல்லிசாகக் கிரீஸ் தடவிவிட்டால், அடுத்த முறை பிரிக்கும்போது அது உலோகத்தோடு ஒட்டிக் கிழியாது. கிளட்ச்சை அடிக்கடி திறந்து பார்க்கும் பழக்கமுள்ள மெக்கானிக்குகள் இதைத் தவறாமல் செய்வார்கள்.

கழற்றி வைத்த தாள் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் சுருங்கிப்போகும்; ஓட்டைகள் போல்ட்டோடு ஒத்துவராது. தாளின் நார் ஈரத்தை இழந்ததுதான் காரணம். கொஞ்ச நேரம் ஈரத்துணியில் சுற்றிவைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு நீண்டுவிடும். கடையில் வருடக்கணக்கில் தொங்கிய புதிய தாளுக்கும் இதே வைத்தியம்தான்.

இனி, அட்டை. தாள் பேக்கிங்கின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ் நார்தான். அதை ரப்பர் போன்ற ஒரு பிணைப்பில் ஊறவைத்து அழுத்தித் தகடாக்குகிறார்கள். கிளட்ச் கவரில் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். செல்லுலோஸ் கருகத் தொடங்க அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். எனவே அவசரத்துக்குச் சட்டைப் பெட்டியின் அட்டையிலோ கெட்டியான பழுப்புத்தாளிலோ வெட்டிய பேக்கிங் அங்கே ஆயிலைப் பிடித்து நிறுத்துவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பளபளப்புக்காக மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை மட்டும் ஆகாது. இன்றைய கல்யாணப் பத்திரிகைகள் பல அப்படித்தான் வருகின்றன. சூட்டில் படலம் இளகி அட்டையிலிருந்து உரிந்தால், அந்த இடைவெளி வழியாகவே ஆயில் வெளியேறும். ஆட்டோமொபைல் கடைகளில் வெவ்வேறு தடிமனில் கேஸ்கெட் ஷீட் விற்கிறார்கள். ஒரு பெரிய ஷீட்டிலிருந்து நான்கைந்து கவருக்கு வெட்டிக்கொள்ளலாம். அந்தச் செலவு வீணல்ல.

வெட்டும் முறை பட்டறைகளில் பழையது. ஷீட்டைக் கவரின் மேல் விரித்து, ஓரத்தில் உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் உலோக விளிம்பே கத்தியாகி வெட்டிக் கொடுக்கும். போல்ட் ஓட்டைக்கு ஒரு பால்ரஸ்ஸை வைத்து ஒரு தட்டு. வார்ப்பிரும்பில் இது பிரமாதமாக வேலை செய்யும். அலுமினியக் கவரில் அதே வேலை விளிம்பை மழுங்கடித்துவிடும். மரை ஓட்டையின் வாயிலும் பிசிறு கிளப்பும். பிறகு அந்தப் பிசிறே கவரை முழுதாக அமரவிடாமல் தூக்கி நிற்கும். அலுமினியத்துக்கு வேறு வழி நல்லது: பரப்பில் முத்திரை மை தடவி, தாளை அழுத்தி அச்செடுத்து, கத்தரியாலும் தோல் வேலைக்குப் பயன்படும் துளைப்பானாலும் வெட்டிக்கொள்வது.

அச்சில் தெரியும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொருள் உண்டு. சில ஓட்டைகள் போல்ட்டுக்கு, சில கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்னுக்கு. போல்ட்டும் பின்னும் இல்லாத ஒரு சிறு ஓட்டை தெரிந்தால் அங்கேதான் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அது பெரும்பாலும் ஆயில் போகும் பாதை. கையால் வெட்டிய பேக்கிங்கில் அதை மறந்துவிட்டால் கவர் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனால் எங்கோ ஒரு பேரிங்கோ கேம் ஷாஃப்டோ ஆயில் இல்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். ஹோண்டா வழியில் வந்த, சிலிண்டர் படுக்கையாக அமைந்த 100 சிசி இன்ஜின்களில் ஹெட்டைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்டுகளில் ஒன்றைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகத்தான் ஆயில் மேலே ஏறுகிறது. அந்த நட்டுக்கு அடியில் மட்டும் செம்பு வாஷர் இருப்பது அதனால்தான். பிரிக்கும்போது எந்த வாஷர் எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்காதவர்கள், மாட்டியபின் ஹெட்டில் ஆயில் ஒழுகுவதைப் பார்த்துப் பேக்கிங்கைக் குறை சொல்வார்கள்.

தடிமன் என்பது இதைவிடப் பெரிய விஷயம். பேக்கிங்கை வெறும் அடைப்பு என்று நினைப்பவர்கள் தடித்த தாள் இன்னும் நன்றாக அடைக்கும் என்று நம்புகிறார்கள். இன்ஜினை வடிவமைத்தவருக்கோ அது ஓர் அளவு. பிஸ்டனின் உயரம், கனெக்டிங் ராடின் நீளம் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கில் எடுக்கப்பட்ட அளவு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரில் பிஸ்டன் விலக்கும் கொள்ளளவு 97.2 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9:1 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 12.15 சிசி. இப்போது ஹெட் பேக்கிங்கில் அரை மில்லிமீட்டர் கூடினால் அந்த இடத்தோடு ஏறக்குறைய 1 சிசி சேர்கிறது. விகிதம் 8.4 ஆக இறங்கிவிடும். இழுவை குறையும், மைலேஜ் குறையும். ‘பேக்கிங் மாற்றியதிலிருந்து வண்டி சோம்பலாகப் போகிறது’ என்ற புகாரில் பல நேரம் உண்மை இருக்கிறது.

விகிதம் குறைவது சில எரிபொருளுக்குத் தேவையாகவும் இருக்கும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட மிகக் குறைவு. உயர்ந்த கம்ப்ரஷனில் அது நேரத்துக்கு முன் வெடித்து பிஸ்டனைத் தட்டும். மண்ணெண்ணெயில் ஓடும்படி தயாரிக்கப்பட்ட பழைய டிராக்டர் இன்ஜின்களுக்குக் கம்ப்ரஷன் விகிதத்தைத் தாழ்வாகவே வைத்தார்கள். 1990களின் முதற்பாதியில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சில சொட்டுப் பெட்ரோல் காட்டி உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டினார்கள். பெட்ரோலுக்கென்று வடிவமைத்த இன்ஜின்கள் அவை. உதிரிப்பாகமும் எளிதில் வராத ஊரில் ஒவ்வொரு ஹெட் பேக்கிங்கின் மீதும் விழுந்த சுமை சாதாரணமானதல்ல. அங்கே வாகனங்களைக் கட்டிக்காத்த மெக்கானிக்குகளின் கைவேலையை யாராவது முறையாகப் பதிவு செய்தால் அது தமிழில் ஒரு நல்ல பொறியியல் நூலாகும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டருக்கு அடியில் வரும் பேஸ் பேக்கிங்கின் தடிமன் இன்னும் நுட்பமானது. யமஹா ஆர்எக்ஸ் 100இன் ஹெட்டில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பேஸ் பேக்கிங்கை அரை மில்லிமீட்டர் தடிமனாகப் போட்டால் சிலிண்டர் மொத்தமும் அரை மில்லிமீட்டர் உயரும். இறங்கிவரும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையை முன்பைவிடச் சீக்கிரம் திறந்துவிடும், ஏறும்போது தாமதமாக மூடும். ஒரு தாள் இன்ஜினின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வேகம் வேண்டுமென்று அந்தத் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பசையில் ஒட்டுபவர்களும் உண்டு. அப்போது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று அளக்காமல் கிக்கரை உதைப்பது பிஸ்டனைப் பணயம் வைப்பதாகும். மென்மையான ஈயக் கம்பியைப் பிஸ்டன் மேல் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான ஆர்எக்ஸ் 100, மைசூரில் உருவாகி வந்த ஜாவா, யெஸ்டி ஆகியவற்றை இன்றும் வீட்டில் வைத்துப் பிரித்துச் சேர்ப்பவர்கள் ஏராளம். இவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, டூ-ஸ்ட்ரோக்கில் கிரான்க் கேஸும் ஒரு பம்ப் என்பது. பிஸ்டன் ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகிக் கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. இறங்கும்போது அதை அழுத்தி மேலே தள்ளுகிறது. பேஸ் பேக்கிங்கில் ஒரு மயிரிழை வழி இருந்தால், வெளியே ஆயில் கசிவதைவிட உள்ளே காற்று புகுவதுதான் ஆபத்து. கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் விகிதத்தில் குறையும், எரிதல் சூடாகும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும். இன்ஜின் சீஸ். ஆக்ஸிலரேட்டரை விட்டபின்னும் ரேஸ் இறங்காமல் தொங்குகிறது என்றால் அது அநேகமாகக் காற்று புகுவதன் அறிகுறி. இந்த இடத்தில் சட்டைப் பெட்டி அட்டைக்கு வேலையே இல்லை.

தாளே வைக்கக் கூடாத இணைப்புகளும் உண்டு. 1969இல் வந்த ஹோண்டா சிபி 750 போன்ற இன்ஜின்களில் கிரான்க் கேஸ் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று கிடைமட்டமாகப் பிரியும். கிரான்க் ஷாஃப்ட் உட்காரும் வட்டத் துளையில் பாதி மேலே, பாதி கீழே. இரண்டையும் சேர்த்து இறுக்கிவைத்துத்தான் அந்தத் துளையைக் கடைந்திருப்பார்கள். நடுவில் ஒரு தாளை நுழைத்தால் வட்டம் நீள்வட்டமாகி, பேரிங்கின் ஆயில் படலத்துக்கான இடைவெளி கெட்டுப்போகும். அதனால்தான் அங்கே தடிமன் ஏதும் சேர்க்காத திரவப் பசையை மட்டும் மெல்லிசாகத் தடவுகிறார்கள். ஆயில் பம்ப் மூடியும் இப்படிப்பட்ட இடம்தான். உள்ளே சுழலும் பல்சக்கரத்துக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அலுவலகப் பிரிண்டர் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த ஒரு தாள் கூடினாலே ஆயில் பக்கவாட்டில் வழிந்து பம்பின் அழுத்தம் விழுந்துவிடும்.

ஹெட் பேக்கிங்குக்கு வருவோம். கூட்டுப்பொருளால் ஆனது என்றால் பேச்சே இல்லை. புதியதுதான் போட வேண்டும். இப்போது பல இன்ஜின்களில் வரும் பல அடுக்கு எஃகுத் தகட்டில் சிலிண்டர் வாயைச் சுற்றி ஒரு புடைப்பு வளையம் இருக்கும். அது சுருள்வில் மாதிரி இயங்கி எழும்ப வேண்டியது. ஒரு முறை நசுங்கி, சூட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அதன் எழுச்சி குறைந்துவிடும், மேற்பூச்சும் உரிந்திருக்கும்.

முழுச் செம்புத் தகடு மட்டும் இதற்கு விலக்கு. பந்தய இன்ஜின்களில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள், திரும்பத் திரும்பவும் போடுகிறார்கள். காரணம் செம்பின் படிக அமைப்பு. புதிய செம்பை நசுக்கினால் அதன் படிகங்களுக்குள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். வழுக்க வழுக்க, படிகத்தில் உள்ள குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பிறகு அது இளகாது, விறைத்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் மங்கிய சிவப்பாகத் தெரியும்வரை அதைச் சூடாக்கினால், சிக்கலான பழைய படிகங்களின் இடத்தில் புதிய படிகங்கள் முளைக்கும்; செம்பு மறுபடி மென்மையாகும். அதைத் தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் விளைவு ஒன்றே. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும் என்று அறிந்தவர்கள் இங்கே தயங்குவார்கள். செம்புக்கு அந்தக் குணம் கிடையாது. தண்ணீரில் போடுவதால் மேலே படிந்த கறுப்பு உதிர்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஆயில் டிரெய்ன் போல்ட்டின் செம்பு வாஷருக்கும் இந்த முறை பொருந்தும். அடுப்பில் ஒரு நிமிட வேலை. அலுமினிய வாஷரில் நிறம் பார்த்துச் செய்ய முடியாது. அது சிவக்கும் முன்பே, 660 டிகிரியில் உருகிவிடும். பழைய உலோகத் தொழிலாளிகள் அதன்மேல் சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுவார்கள். சோப்பு பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும் நேரம் அலுமினியம் மென்மையாகியிருக்கும்; அங்கே நிறுத்திவிட வேண்டும். வாஷரைப் பதப்படுத்தாமல் திரும்பப் போட்டு, ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவதால்தான் கிரான்க் கேஸில் மரை போகிறது. ஒரு சிறு வாஷரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய நஷ்டம்.

பசைகளின் உலகம் தனி. ஒரு காலத்தில் பட்டறை அலமாரியில் ஷெல்லாக் புட்டி இல்லாமல் இருக்காது. ஜார்கண்ட் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தது அது. பெட்ரோலும் ஆயிலும் அதைக் கரைக்காது என்பதால் தாள் பேக்கிங்கின் இரு பக்கமும் தடவினார்கள். பல முறை சூடேறி ஆறினால் கண்ணாடிபோல் நொறுங்குவதுதான் அதன் குறை. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய லாக்டைட் வேறொரு வழியைத் திறந்தது. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருக்கும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே காற்றில்லாமல் அடைபட்டால் இறுகும். நன்றாகக் கடைந்த, இடைவெளி மிகச் சிறிதான பரப்புகளுக்கு இந்த வகைப் பசை மிகப் பொருத்தம்.

நம் ஊரில் அதிகம் புழங்குவது சிலிக்கோன். எந்தக் கம்பெனி டியூபாக இருந்தாலும் சென்னைத் தயாரிப்பான அனபாண்ட் பெயரால் கேட்டு வாங்கும் மெக்கானிக்குகள் பலர். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகும் பொருள் இது. பிதுக்கியதும் வினிகர் வாடை வரும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். செம்பு, மின் இணைப்புகள் பக்கத்தில் அது நல்லதல்ல. பெட்ரோல் பட்டால் சிலிக்கோன் ஊதிப் பெருத்துப் பிய்ந்துவிடும். கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, தாராளம். வெளியே ஒரு விரற்கடை பிதுங்கியிருந்தால் உள்ளேயும் அவ்வளவு பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் பிய்ந்து ஆயிலில் மிதந்து, பம்பின் வலைச் சல்லடையில் போய் அப்பும். ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக இட்டு, போல்ட் ஓட்டையைச் சுற்றி வளைத்து, சில நிமிடம் ஆறவிட்டு மூடினால் போதும்.

ஒழுகுவதெல்லாம் பேக்கிங்கின் குற்றமும் அல்ல. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து திருவொற்றியூருக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், அரை நூற்றாண்டுக்கு மேல் வார்ப்பிரும்பு சிலிண்டரோடு தயாரானது. அதன் கீழே ஆயில் சொட்டுவதைப் பற்றிப் பேசாத உரிமையாளர் இல்லை. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள அந்த ஒற்றைப் பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கிரான்க் கேஸுக்குள் 346 சிசி காற்றை நசுக்குகிறது. அந்தக் காற்றை வெளியே விட்டு, திரும்ப உள்ளே வராமல் தடுக்க ஒருவழி ரப்பர் வாய் கொண்ட பிரீதர் இருக்கிறது. ரப்பர் விறைத்தாலோ குழாய் அடைத்தாலோ, நசுங்கிய காற்று எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். பேக்கிங்கை மூன்று முறை மாற்றியும் நிற்காத கசிவு, பிரீதரை மாற்றியதும் நிற்பது புல்லட் மெக்கானிக்குகளுக்குப் பழகிய அனுபவம். அதே வண்டியின் இடப்பக்கம் பிரைமரி செயின் கவரை ஒரே ஒரு நடு நட்டுதான் பிடித்திருக்கிறது. ஓரம் முழுக்க ரப்பர் வளையம். ஒழுகுகிறது என்று அந்த நட்டை மேலும் முறுக்கினால் நடுப்பகுதி குழிந்து ஓரம் விலகும், கசிவு கூடும்.

வளைந்துபோன கவரை நேராக்க வீட்டிலேயே வழி உண்டு. தடித்த தட்டைக் கண்ணாடியின் மேல் 400 எண் வாட்டர் பேப்பரை விரித்து, சில சொட்டு ஆயில் விட்டு, கவரைக் குப்புற வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். மேடான இடம் மட்டும் முதலில் பளபளக்கும். பளபளப்பு சுற்றிலும் ஒரே மாதிரி வந்ததும் நிறுத்திவிடலாம். திறக்கும்போது ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பாதிருந்தால் இந்த வேலையே பெரும்பாலும் வராது. பரப்பின் நெடுகில் விழுந்த கீறலைத் தாள் அடைத்துவிடும்; உள்ளிருந்து வெளியே குறுக்காகப் போகும் கீறல் கசிவுக்கு நேர்வழி.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளின் ஹெட், எக்ஸாஸ்ட் பேக்கிங்குகளிலும் கிளிங்கரைட் என்ற பெயரில் புழங்கிய ஷீட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதை விலக்கிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய இன்ஜினிலோ, தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்த உறை பிரிக்காத பேக்கிங்கிலோ அது இன்னும் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும், டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டிச் சுற்றுவதும், கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் கூடவே கூடாது. நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுத்து, ஈரத்தோடேயே பையில் கட்டிவிட வேண்டும். இதைப் பட்டறைச் சிறுவர்கள் கையில் விடுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

எல்லாம் சுத்தமாகித் தாளை வைத்தபின் இறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. கவரின் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன்-மீட்டர் போதும். அதாவது, ஒரு மீட்டர் நீளமுள்ள ரெஞ்சின் நுனியில் ஒரு கிலோ எடை தொங்கினால் வரும் முறுக்கு. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால், பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஹெட்டுக்கு அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவும் வரிசையும்தான். அதற்கு டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும். புதிய தாள் சுமையில் மெல்ல மெல்ல மேலும் நசுங்கும் என்பதால், ஒரு முறை சூடாகி முழுதாக ஆறியபின் கவர் போல்ட்டுகளைத் திரும்ப ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

அதன்பின்னும் எங்கோ ஈரம் தெரிந்தால், இடத்தைக் கண்டுபிடிக்க முகப்பவுடர் போதும். ஓடும்போது அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளிப் பரப்பிவிடுவதால், ஈரம் தெரியும் இடமும் கசியும் இடமும் வேறுவேறாக இருக்கும். இன்ஜினை மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் பவுடரைத் தூவி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஆயில் முதலில் எட்டிப் பார்க்கும் இடத்தில் வெள்ளைப் பவுடர் பழுப்பாகக் கோடு காட்டும். அந்தக் கோடு போல்ட் தலையில் தொடங்குகிறதா, ஆயில் சீலில் தொடங்குகிறதா, பேக்கிங் ஓரத்தில்தான் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கவரைக் கழற்றலாம்.